அதுக்கப்புறம்

தும்மல் வந்தால் வீட்டைவிட்டு வெளியே ஓடுகிற மனிதரை யாரும் அதிகம் பார்த்திருக்க முடியாது. பஸ் டெப்போவுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் அப்படி ஒருவர் இருந்தார். டிங்கர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். எங்கேயாவது மோதி நசுங்கி வருகிற கார்க் கதவையும் வேன் முகப்பையும் தட்டி நிமிர்த்துவது அவர் தொழில். மூக்கு அரிக்க ஆரம்பித்ததுமே உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் சந்து முனை வரைக்கும் ஓடிப்போய், அங்கே நின்று ஆசை தீர ஒன்று போட்டுவிட்டுத் திரும்பி வருவார். முதலில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். காரணம் தெரிந்த பிறகு அவர் ஓடும்போது வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

காரணம் அவர் மனைவி. சந்தில் அவளுக்கு வெங்கலம் என்று பெயர். தொண்டை அப்படி. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தவள். மலை மலையாக வந்து குவிகிற படுக்கை விரிப்புகளைத் துவைத்து, நீராவியில் தேய்த்து, மடித்து அடுக்குகிற இடம் அது. அங்கே இயந்திரங்கள் போடுகிற கூச்சலில் பக்கத்தில் நிற்பவளிடம் பேசுவதென்றாலும் கத்தத்தான் வேண்டும். அதே பழக்கத்தில் வீட்டிலும் கத்துவாள். காய்கறி வண்டிக்காரரிடம் அவள் பேரம் பேசி முடித்தால், அடுத்த தெருக்காரர்களும் அதே விலையைச் சொல்லிக் கேட்பார்கள் என்று வண்டிக்காரரே புலம்பியிருக்கிறார். வீட்டை ஒட்டின தகரக் கொட்டகைதான் பட்டறை. அங்கே டிங்கர் தட்டிக்கொண்டிருப்பார், உள்ளேயிருந்து அவள் பேசிக்கொண்டிருப்பாள். இரண்டு சத்தமும் ஒன்றையொன்று ஜெயிக்கப் பார்க்கும். மகளும் அந்த இரைச்சலுக்கு நடுவில் உட்கார்ந்து படித்துத்தான் கல்லூரிக்குப் போயிருந்தாள்.

மழை பிடித்திருந்த ஒரு காலைப்பொழுதில் சலவைக் கூடத்தில் நீராவிக் குழாய் வெடித்தது. மற்றவர்கள் கதவுக்குப் பக்கத்தில் இருந்ததால் ஓடிவிட்டார்கள். வெங்கலம் கடைசி மேஜையில் மடித்துக்கொண்டிருந்தாள். மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டதால் உயிர் பிழைத்தாள். ஒரு கை வெந்துபோயிருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் அதுவும் ஆறிப் புதுத்தோல் வந்துவிட்டது. காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, காதில் ஒரு குறையும் இல்லை, நன்றாகவே கேட்கிறது என்றார்.

நன்றாகக் கேட்பதுதான் தொல்லையாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் டிங்கர் வழக்கம்போலச் சுத்தியலை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே ஏதோ விழுந்த மாதிரி இருந்தது. போய்ப் பார்த்தால் அவள் சமையல் மேடைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் அவரைப் பார்க்கவில்லை.

அன்றைக்கே பட்டறையைப் பூட்டினார். கையில் இருந்த வேலையைச் சந்துக்கு வெளியே வெல்டிங் கடை வைத்திருந்த சிநேகிதரிடம் கொண்டுபோய், அவருடைய கொட்டகை ஓரத்தில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து தட்டினார். அடுத்து குக்கர் விசிலுக்கு அவள் உடம்பு தூக்கிப்போட்டது. குக்கர் பரணுக்குப் போனது. அழைப்பு மணியின் ஒயரைப் பிடுங்கிவிட்டார். நாற்காலிக் கால்களுக்குப் பழைய டியூபை வெட்டி உறை போட்டார். எவர்சில்வர் தட்டுகளைக் கட்டி வைத்துவிட்டுப் பிளாஸ்டிக் தட்டு வாங்கினார். மகள் போன் ஊமையானது. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் போய்க் கதவை மெதுவாகச் சாத்தச் சொன்னார். அவர்களும் நல்லவர்கள், சாத்தினார்கள். வீட்டில் எல்லோரும் கிசுகிசுவென்றுதான் பேசினார்கள். புதிதாக வருகிறவர்கள் உள்ளே யாரோ தூங்குகிறார்கள் என்று நினைத்துத் தாங்களும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

டிங்கருக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. தன் கையால் செய்ய முடிந்ததையெல்லாம் செய்துவிட்டோம் என்று நினைத்தார். ஆனால் அவள் தேறவில்லை. கரண்டி விழுந்தால் பயந்தவள் கரண்டியை வைத்தாலே பயந்தாள். ஜன்னல் பக்கம் வருவதை நிறுத்தினாள். கடைசியில் அவர் காலையில் பேப்பரைப் புரட்டுகிற சரசரப்புக்கே தோளைக் குறுக்கிக்கொள்ள ஆரம்பித்தாள். அவர் பேப்பரை மொட்டை மாடிக்கு எடுத்துப்போனார். அவளுடைய தொண்டையோ, கேட்கவே வேண்டாம். தண்ணீர் வேண்டுமென்றால் சைகை காட்டினாள்.

உடைந்தது மகளிடம்தான். பாத்திரம் கழுவும்போது ஒரு மூடி அவள் கையிலிருந்து நழுவித் தரையில் சுழன்றது. அம்மா மேஜைக்கு அடியில் போய்விட்டாள். டிங்கர் மகளைப் பார்த்த பார்வையில் ஒரு திட்டு முழுசாக இருந்தது. மகள் மூடியை எடுத்து வைத்துவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கல்லூரி விடுதிக்குப் போய்விடுகிறேன் என்றாள். இந்த வீட்டில் மூச்சு விடவே பயமாக இருக்கிறது, எதை உடைத்து உன்னைக் கொன்றுவிடுவேனோ என்று நாளெல்லாம் கையைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன் என்றாள். சொல்லும்போதுகூடக் கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள்.

மகள் பெட்டியோடு போன அன்று மத்தியானம் வெங்கலம் டிங்கரைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். காது டாக்டர் ஒரு இடம் சொன்னாரே, அங்கே போகலாம் என்று கிசுகிசுத்தாள். கவுன்சிலரைப் பார்க்கச் சொன்னார் என்று டிங்கருக்கு அரைகுறையாக ஞாபகம் இருந்தது. நம்ம ஏரியா கவுன்சிலரிடம் போய் என்ன சொல்வது, தெருவிளக்கா எரியவில்லை என்று அவர் அப்போது நினைத்துக்கொண்டு விட்டுவிட்டிருந்தார். இது அந்தக் கவுன்சிலர் இல்லை, மனசுக்கு வைத்தியம் பார்க்கிறவர் என்று அவள் விளக்க வேண்டியிருந்தது. என்ன வைத்தியம் என்று கேட்டார். உட்கார்ந்து பேசுவார்களாம் என்றாள். பேசுவதற்கு ஒரு ஆளா, நான் இல்லையா என்று அவருக்கு மனசுக்குள் குறுகுறுத்தது. ஆனால் வெகுநாளைக்குப் பிறகு அவள் தானாக ஒன்று கேட்டிருக்கிறாள். கிளம்பினார்கள்.

ஒரு புத்தகக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்த இடம். சின்ன அறை, மூன்று நாற்காலி, சாலையைப் பார்த்த ஜன்னல். ஆலோசகர் நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்ட பெண். டிங்கர் நுழைந்ததும் முதல் வேலையாக ஜன்னலைச் சாத்தினார். ஆலோசகர் எழுந்துபோய்க் கொஞ்சம் திறந்தார். இந்த அளவு சரியா, கூட்டவா குறைக்கவா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வெங்கலத்திடம் சொன்னார். வெங்கலம் எழுந்துபோய் ஜன்னல் கதவை இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். டிங்கரை யாரும் கேட்கவில்லை. அது அவருக்கு லேசாக உறைத்தது.

உங்களுக்குப் புத்தி பேதலிக்கவில்லை என்றுதான் ஆலோசகர் ஆரம்பித்தார். அன்றைக்கு உங்கள் உடம்பு உங்களைக் காப்பாற்றியது, இன்னும் அந்த வேலையை அது விடவில்லை, வெடிப்பு முடிந்துபோனது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை என்றார். பிறகு டிங்கர் பக்கம் திரும்பி, வீட்டில் என்னென்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்டார். டிங்கர் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி குக்கரிலிருந்து தும்மல் வரைக்கும் சொன்னார். ஆலோசகர் குறுக்கிடாமல் கேட்டார்.

"ரொம்ப அன்பா பண்ணியிருக்கீங்க. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா சார்? முதல்ல சுத்தியலுக்குப் பயந்தாங்க. அப்புறம் குக்கர். இப்ப பேப்பர். நீங்க ஒவ்வொரு சத்தமா எடுக்க எடுக்க, மிச்சம் இருக்கிற சின்னச் சத்தம் பெருசாயிட்டே போகுது. நீங்க இவங்களுக்கு ஒத்தாசை பண்றதா நினைக்கிறீங்க. இவங்க பயத்துக்கு ஒத்தாசை பண்ணிட்டிருக்கீங்க."

டிங்கருக்கு முகம் சுருங்கிப்போனது. கீழே இறங்கி வந்ததும் டீ குடிக்கலாமா என்று வெங்கலம் சைகையில் கேட்டாள். வேண்டாம் என்றார். பஸ்ஸில் வரும்போது வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அந்த அம்மாவுக்கு என்ன, மேஜைக்கு அடியில் உட்கார்ந்து இவள் தலையைப் பிடித்துக்கொண்டது தானல்லவா என்று பொருமினார்.

ஆனாலும் வைத்தியம் தொடங்கியது. முதல் மருந்து ஒரு கரண்டியும் ஒரு எவர்சில்வர் தட்டும். அவளே தட்ட வேண்டும், மெதுவாக. பயம் ஏறும். ஏறட்டும். இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றிக்கொண்டு, கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக விட வேண்டும். பயம் இறங்குகிற வரைக்கும் எழுந்து போகக் கூடாது. வெங்கலம் தட்டினாள். உதடு வெளுத்தது. "பச்சை வாளி," என்றாள். "கொடியில துண்டு. சுவத்துல பல்லி." அவள் நடுங்குவதைப் பார்க்க முடியாமல் டிங்கர் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

அவள் கையை நீட்டினாள்.

"குடுங்க. நான்தானே தட்டறேன். எப்ப தட்டுவேன்னு எனக்குத் தெரியும்ல."

கொடுத்தார். கொடுத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே விட்டுவிட்டுச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு தட்டுக்கும் அவருக்குத்தான் தூக்கிப்போட்டது.

கரண்டிக்குப் பிறகு நாற்காலி. நாற்காலிக்குப் பிறகு அழைப்பு மணி, அதை முதல் நாள் டிங்கர் சொல்லிவிட்டு அடித்தார், பிறகு சொல்லாமல் அடித்தார். வெயில் காலம் வந்தபோது பரணிலிருந்து குக்கர் இறங்கியது. முதலில் விசில் வரும்போது அவள் சந்தில் நின்றாள். பிறகு வாசலில், பிறகு கூடத்தில், பிறகு அடுப்புக்குப் பக்கத்தில். இதற்காக வீட்டில் ஓயாமல் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. விடுதியிலிருந்து லீவுக்கு வந்த மகள் தட்டைப் பார்த்துவிட்டு, வைத்தியம் அம்மாவுக்கா நமக்கா என்று அப்பாவிடம் கேட்டாள். அதைக் கேட்டு வெங்கலம் சிரித்தாள். சத்தம் வராத சிரிப்புதான். என்றாலும் அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று நினைத்த நேரத்தில் டெப்போவுக்குள் திரும்பின ஒரு பஸ்ஸின் டயர் வெடித்தது. வெங்கலம் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். டிங்கர் வெல்டிங் கடையிலிருந்து ஓடிவந்தபோது கீரை வாசலெல்லாம் இறைந்து கிடந்தது, அவள் உள்ளே மேஜைக்கு அடியில் இருந்தாள். மறுநாள் அவர் தனியாகப் புத்தகக் கடை மாடிக்குப் போனார். சண்டை போடத்தான் போனார். இத்தனை நாள் என் மனைவியைப் படாத பாடு படுத்தி என்ன கண்டோம், தொடங்கின இடத்திலேயே நிற்கிறோம், இனி வர மாட்டோம் என்று சொல்லிக்கொண்டே படியேறினார்.

ஆலோசகர் முழுசாகச் சொல்லவிட்டார். பிறகு, போன தடவை இப்படி ஆனபோது வெங்கலம் தெளிய எவ்வளவு நேரமானது என்று விசாரித்தார். டிங்கர் யோசித்தார். முன்பெல்லாம் நாள்கணக்காகப் படுத்துக்கிடப்பாள். நேற்று? நேற்று பொழுது சாய்வதற்குள் வெளியே வந்து, இறைந்த கீரையைத் தானே கூட்டி எடுத்தாள். டீ கேட்டாள். அதை அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கோபம் கால் தடுக்கி நின்றது.

"சரி, அவங்களைப் பத்தி சொல்லிட்டீங்க. நீங்க எப்படி இருக்கீங்க?"

டிங்கர் நன்றாக இருப்பதாகச் சொல்ல வாயெடுத்தார். அந்த மழை நாளில், சலவைக் கூடம் வெடித்துவிட்டது என்று யாரோ சொல்ல, ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது ஞாபகம் வந்தது. உள்ளே விடவில்லை. யார் யாரையோ வெளியே கொண்டுவந்த ஒவ்வொரு ஸ்ட்ரெச்சரிலும் துணியை விலக்கி முகத்தைப் பார்த்தார். அதை அவர் வெங்கலத்திடமும் சொன்னதில்லை, மகளிடமும் சொன்னதில்லை. அவளே இப்படி இருக்கும்போது நம் கதையை எங்கே போய்ச் சொல்வது என்று விழுங்கிவிட்டிருந்தார். இப்போது அது தானாக வெளியே வந்தது. சொல்லி முடித்தபோது சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. பேசுவதற்கு ஒரு ஆளா என்று தான் கேட்டது நினைவுக்கு வந்து, மூக்கைச் சிந்திக்கொண்டே கொஞ்சம் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவர் வைத்தியத்தில் குறுக்கே நிற்கவில்லை.

சத்தங்களைப் பழகிக்கொள்வது பாதி வைத்தியம்தான். மீதி, அன்றைக்கு நடந்ததைச் சொல்வது. ஒரு தடவை சொல்லி முடிப்பதில்லை. திரும்பத் திரும்ப, ஒவ்வொரு சந்திப்பிலும், இப்போது நடப்பது போலச் சொல்ல வேண்டும். வெங்கலம் அறைக்குள் போவாள், டிங்கர் படிக்கட்டில் காத்திருப்பார். வெளியே வரும்போது துவைத்துப் பிழிந்த துணி மாதிரி வருவாள். ஒரு நாள் போகும்போதே, நீங்களும் உள்ளே வாங்க, உங்களுக்கும் தெரியட்டும் என்றாள். ஆலோசகரும் சரி என்றார். டிங்கர் மூலை நாற்காலியில், கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வெங்கலம் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். விரிப்பின் ஓரத்தை ஓரத்தோடு சேர்க்கிறேன் என்றாள். பக்கத்து மேஜைக்காரி தன் மருமகளைப் பற்றிக் குறை சொல்கிறாள் என்றாள். பிறகு வெடிப்பு. அவள் மூச்சு வேகமானது. பாதங்களைத் தரையில் அழுத்திக்கொண்டாள்.

"மேஜைக்கு அடியில இருக்கேன். எல்லாம் வெள்ளையா இருக்கு. என் கையே எனக்குத் தெரியல. சத்தம் காதுல கேக்கல, மேல வந்து மோதுது, சுவர் மாதிரி. நான் கத்தறேன். என் சத்தம் எனக்கே கேக்கல. கத்திக்கிட்டே இருக்கேன். யாரும் வரல."

நிறுத்திவிட்டாள். எப்போதும் அங்கேதான் நிறுத்துவாளாம்.

"அப்புறம்?" என்றார் ஆலோசகர்.

"அவ்வளவுதான். அப்புறம் யாரோ வந்து இழுத்துட்டுப் போனாங்களாம்."

"அது மத்தவங்க சொன்னது. உங்களுக்கு?"

"எனக்கு அங்கேயே நிக்குது. யாரும் வரல."

"மேஜைக்கு அடியிலேர்ந்து இந்த நாற்காலிக்கு எப்படியோ வந்து சேந்திருக்கீங்க. அவசரம் இல்ல. கத்திக்கிட்டு இருக்கீங்க. அப்புறம்?"

அறையில் மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் இருந்தது. கீழே சாலையில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வெங்கலம் கவனிக்கவில்லை. அவள் கன்னம் லேசாகத் துடித்தது.

"தரை ஜில்லுனு இருக்கு," என்றாள். "கன்னத்தைத் தரையில வெச்சிருக்கேன். இரைச்சல் கொஞ்சம் குறையுது. யாரோ குழாயை அடைச்சிருக்கணும். இன்னும் வெள்ளையாத்தான் இருக்கு. நான் கத்தறேன். ஒரு குரல். கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி சின்னதா. நிறுத்தாத, கத்திக்கிட்டே இரும்மா, உன் சத்தத்தை வெச்சுத்தான் வர்றேன், அப்படிங்குது."

கண்ணைத் திறக்காமலே மேலே சொன்னாள்.

"கத்தறேன். என் கணுக்காலை ஒரு கை பிடிக்குது. ஈரக் கை. ஈரத் துணி ஒண்ணு என் மேல விழுது. எங்களுக்குத் துணி கொண்டுவர்ற தள்ளுவண்டி அண்ணன். அவர்தான். துணியோட சேத்து என்னை இழுக்கறார். தரையெல்லாம் சோப்புத் தண்ணி, வழுக்கிட்டுப் போறேன்."

இழுக்கறார் என்கிறாள். டிங்கர் அதைக் கவனித்தார். இத்தனை நாளும் அவள் பேச்சில் ஒட்டிக்கொண்டிருந்த ‘இழுத்தாங்களாம்’, ‘போனாங்களாம்’ எல்லாம் காணாமல் போயிருந்தது.

"அப்புறம்?"

"கதவு. வெளியே மழை பெய்யுது. மல்லாக்கப் போட்டிருக்காங்க. மழை முகத்துல விழுது. வாயைத் திறந்து வெச்சிருக்கேன், தண்ணி உள்ள போகுது." குரல் உடைந்தது. "வந்தாங்க. நான் கத்தினது கேட்டிருக்கு."

அழுதாள். வெடித்ததிலிருந்து அவள் அழுததே இல்லை என்பது டிங்கருக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து போகப் பார்த்தார். ஆலோசகர் கையால் கொஞ்சம் பொறுங்கள் என்றார். அவள் அழுது ஓய்ந்தபின், அதே நிதானத்தோடு இன்னொரு முறை அப்புறம் என்று கேட்டார். வெங்கலம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்புறம் கை ஆறுச்சு. வீட்டுக்கு வந்தேன். இங்க வந்தேன்."

பஸ்ஸில் திரும்பும்போது அவள்தான் பேசினாள், காதோடு காதாக. யாருக்கும் கேட்கவில்லை என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாளாம். உயிர் போகிற நேரத்தில் உதவாத தொண்டை இனி எதற்கு என்று தோன்றிவிட்டதாம். டிங்கர் அவள் வெந்து ஆறிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். தான் ஸ்ட்ரெச்சர்களைத் தேடினதை அப்போது சொன்னார். அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டின பிறகும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தள்ளுவண்டிக்காரரைப் பார்க்க வேண்டும் என்று அவளே கிளம்பினாள். துணி வண்டி தள்ளுகிற வேலையை விட்டுவிட்டு, காய்கறிச் சந்தைக்குப் பக்கத்தில் மகன் வீட்டில் இருந்தார். குறுகலான மாடிப்படி ஏறிப் போனார்கள். மனிதர் பால்கனியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். வெங்கலம் பக்கத்தில் போய் ஏதோ சொன்னாள். அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு என்ன என்றார். மறுபடி சொன்னாள். அவர் தலையை அசைத்தார். அன்றைக்கு அந்த இரைச்சலுக்குள் போய்வந்ததிலிருந்து காது மந்தமாகிவிட்டது, கொஞ்சம் உரக்கச் சொன்னால்தான் விளங்கும் என்று அவர் மருமகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

வெங்கலம் டிங்கரைத் திரும்பிப் பார்த்தாள். நான் வேண்டுமானால் சொல்லட்டுமா என்று அவருக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். அவள் கால்களை அகட்டி ஊன்றினாள். மூச்சை இழுத்தாள்.

"நீங்க வந்ததை நான் மறந்தே போயிட்டேண்ணா. இப்பதான் ஞாபகம் வந்துச்சு. அதான் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

முதலில் கரகரத்து, பிறகு பிசிறு நீங்கி, பழைய வெங்கலம் அப்படியே எழுந்தது. எதிர்ப் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். கீழே சந்தையில் ஒருவர் நிமிர்ந்தார். தள்ளுவண்டிக்காரர் முகம் மலர்ந்துபோனது.

"உன் தொண்டை மட்டும் இல்லேன்னா நானும் கதவுப் பக்கமே திரும்பியிருப்பேன்மா. எனக்கும் பயம்தான். நீ விடாம கூப்பிட்டே, எப்படித் திரும்பறது?"

வெங்காயத்தின் நெடியில் எல்லோருக்கும் கண் கலங்கியிருந்தது, அதனால் யாரும் அதை மறைக்க வேண்டியிருக்கவில்லை. மருமகள் டீ கொடுத்தாள். பேச்சு பொழுது சாய்கிற வரைக்கும் நீண்டது, அத்தனையும் உரத்த குரலில்.

எல்லாம் அதோடு தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வெங்கலம் மறுபடி நீராவிக்குப் பக்கத்தில் போகவில்லை. அதே ஆஸ்பத்திரியில், கிழிந்த விரிப்புகளைத் தைக்கிற பகுதியில் இடம் கேட்டாள், கிடைத்தது. டயர் வெடித்தால் இன்னமும் உதடு வெளுக்கும். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு கண்ணில் படுவதைச் சொல்வாள், சொல்லி முடித்துவிட்டு விட்ட வேலையைத் தொடுவாள். புத்தகக் கடை மாடிக்குப் போவது மெல்ல மெல்லக் குறைந்தது. ஒரு நாள் ஆலோசகர், தேவைப்பட்டால் வாருங்கள், இல்லையென்றால் சந்தோஷம் என்று கைகூப்பி அனுப்பிவைத்தார்.

பட்டறையைத் திறக்கத் தயங்கினது டிங்கர்தான். வெல்டிங் கடையிலேயே இருந்துவிடுகிறேன், பழகிவிட்டது என்று சாக்குச் சொன்னார். அந்த முதல் நாள் ஒரு தட்டுத் தட்டியதும் உள்ளே ஏதோ விழுந்த சத்தம் அவர் காதிலிருந்து இன்னும் போகவில்லை. வெங்கலம் அவரோடு வாதாடவில்லை. ஒரு லீவு நாள் காலையில் மகளையும் கூட்டிக்கொண்டு பட்டறையைப் பெருக்கி, ஒட்டடை அடித்து, வெல்டிங் கடைக்கே நேரில் போய், அவருடைய சுத்தியல்களையும் இரும்புக் கட்டைகளையும் கூடையில் போட்டு எடுத்து வந்துவிட்டாள். அவர் வேறு வழியில்லாமல் பின்னாலேயே ஒரு கார்க் கதவைச் சுமந்துகொண்டு வந்தார்.

அன்று தட்டும்போது அவள் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எப்போது தட்டப்போகிறேன் என்று சொல்லிச் சொல்லித் தட்டினார். போகப்போகச் சொல்ல மறந்தார். அவளும் கேட்கவில்லை. ஒரு வாரம் அப்படிப் போனது. பிறகு அவள் நாற்காலியை விட்டுவிட்டு, தையல் வேலையைக் கொட்டகை நிழலுக்குக் கொண்டுவந்து பாயில் உட்கார்ந்தாள்.

மத்தியான வெயில் கொட்டகைத் தகரத்தின்மேல் காய்ந்துகொண்டிருந்தது. டிங்கர் ஒரு வேனின் கதவைக் கீழே சாய்த்துப் போட்டு, குழிந்த இடத்துக்குப் பின்னால் இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்து, முன்பக்கம் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். தகரம் சொன்னபடி கேட்டது. குழி விளிம்பிலிருந்து நடுவுக்குச் சுருங்கி வந்தது. ஏதோ கேட்பதற்காகத் திரும்பிப் பார்த்தவர், பாயில் வெங்கலம் தூங்கிப்போயிருப்பதைப் பார்த்தார். ஊசி துணியில் குத்தியபடி இருந்தது. வாய் சற்றே திறந்திருந்தது. வெடிப்புக்குப் பிறகு அவள் பகலில் கண்ணயர்ந்து அவர் பார்த்ததில்லை.

வேன்காரர் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். சந்துக்குப் பழகினவர். அவள் படுத்திருப்பதைப் பார்த்ததும் சட்டென்று நுனிக்காலில் நின்று, கதவு எப்போது ஆகும் என்று காற்றாகக் கேட்டார். டிங்கரின் விரல் தானாக உதட்டுக்குப் போனது. பாதி வழியில் அதை இறக்கிக்கொண்டார்.

"சாதாரணமா பேசுங்க, பரவாயில்ல," என்றார், தன் முழுக் குரலில். "சாயங்காலம் வாங்க. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி."

வேன்காரர் பாயைப் பார்த்தார், டிங்கரைப் பார்த்தார், தலையாட்டிவிட்டுப் போனார். டிங்கர் கட்டையை மறுபடி சரியான இடத்தில் வைத்துக்கொண்டு சுத்தியலை ஓங்கித் தட்டினார். வெங்கலம் முகத்தில் விழுந்த வெயிலுக்கு மறுபக்கம் புரண்டு, கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, மேற்கொண்டு தூங்கினாள்.